எத்தனை உழவு மழை?

பேரையூரில் மழை பெய்த மறுநாள் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதல் கேள்வி, "எத்தன உழவு?" என்பதுதான். மில்லிமீட்டர் கணக்கெல்லாம் செய்தித்தாளுக்கு. கரிசலில் ஏர்க்கொழு இறங்கும் ஆழத்துக்கு ஈரம் பாய்ந்திருந்தால் அது ஒரு உழவு மழை. அதற்கும் கீழே இறங்கியிருந்தால் இரண்டு உழவு. புழுதியை மட்டும் அடக்கிவிட்டுப் போனால் அதற்கு மழை என்றே பெயர் கிடையாது, தூத்தல். என் தாய்மாமா களைக்கொத்தியால் ஓர் இடத்தில் கொத்தி, மண்ணை அள்ளிப் பிசைந்து, உருண்டை பிடிக்கிறதா உதிர்கிறதா என்று பார்த்துக் கணக்குச் சொல்வார். அவர் சொன்ன கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. மூன்று ஏக்கர் மானாவாரி. குதிரைவாலியும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுவார். களை எடுக்கும்போதும் சரி, கதிர் அறுக்கும்போதும் சரி, நிமிர்ந்தால் அவர் கண்ணில் படுவது மேற்கே நிற்கும் மலை. சாப்டூருக்குப் பின்னால் எழும்பி, சதுரகிரியாகி, வடக்கே எழுமலைப் பக்கம் வரை நீளும் நீலச் சுவர். ஆனியிலும் ஆடியிலும் அதன் தலையில் மேகம் கட்டி நிற்கும். மாலை வரை நிற்கும். எங்கள் பக்கம் இறங்காது. காற்று மட்டும் வந்து பருத்திச் செடியைப் படுக்கப் போட்டுவிட்டுப் போகும்.

போன கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து கால் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்ள, அந்த மலைக்குப் பின்னால என்னதான் இருக்கு?"

இளவயதில் ஆடி அமாவாசை தவறாமல் சதுரகிரி ஏறியவர் அவர். சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு, ஏறிய வழியே இறங்கி வந்துவிடுவார். மலையின் மறுபுறம் போனதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் ஊரிலிருந்து தெரிவது முதல் வரிசை மட்டும்தான் மாமா. அதற்குப் பின்னால் வருசநாட்டுப் பள்ளத்தாக்கு, அதில்தான் மூல வைகை ஓடுகிறது. அதற்கும் பின்னால் மேகமலை. அதன் உச்சியில் ஹைவேவிஸ் என்று ஒரு சின்ன ஊர். அதற்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு, அப்புறம் கேரளா.

"அந்த ஊருக்கு பஸ் போகுதா?"

"போகுது."

"அப்ப போவோம்."

படத்தில் கோடு இழுத்தால் பேரையூரிலிருந்து ஹைவேவிஸ் நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் இரண்டு மலைகள். வடக்கே உசிலம்பட்டிக்குப் போய், மேற்கே திரும்பி ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, தேனியில் தெற்கே மடங்கி, சின்னமனூரில் மறுபடி கிழக்கே ஏற வேண்டும். மலையை ஒரு சுற்றுச் சுற்றி அதன் முதுகுப் பக்கம் போய்ச் சேரும் வழி. அத்தை எலுமிச்சம்பழச் சோறும் பருப்புத் துவையலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். விடியற்காலை முதல் பேருந்தில் ஏறிவிட்டோம்.

சேடப்பட்டி வரை இருபுறமும் குதிரைவாலியும் மக்காச்சோளமும் பச்சை கட்டி நின்றன. இந்தப் பச்சையை நம்பிவிடக் கூடாது, தை பிறப்பதற்குள் இன்னொரு மழை கிடைத்தால்தான் கதிர் பால் பிடிக்கும் என்றார் மாமா. உசிலம்பட்டியை நெருங்கும்போது 58 கிராமக் கால்வாயைப் பற்றிப் பேச்சு வந்தது. வைகை அணையிலிருந்து இந்த வறண்ட மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று ஒரு தலைமுறையே போராடியது. 2018-இல் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்தது. அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் இந்தக் கால்வாய்க்குத் திறப்பார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு மிச்சமிருந்தால் உனக்கு என்கிற மாதிரியான பந்தி. அந்தப் பந்தியிலும் பேரையூருக்கு இலை கிடையாது. எங்களுக்கு உரிய ஆறு என்று சொன்னால் குண்டாறுதான். இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று போகிறது. ஆண்டில் பாதி நாளுக்கு மேல் அது மணல்தான்.

கணவாயில் பேருந்து மூச்சுவாங்கி ஏறியது. பக்கத்திலேயே ரயில் பாதை. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அகலப் பாதை தேனிக்கு வர 2022 ஆயிற்று, போடிக்கு 2023. பன்னிரண்டு வருடம் ரயில் இல்லாமல் கிடந்த ஊர்கள் இவை. மலையை வெட்டிய இடத்தில் பாறை இன்னும் புதுக்காயம் போலச் சிவந்திருந்தது.

கணவாயைத் தாண்டியதும் காற்று மாறுவதை முகம் சொல்லிவிடும். மாமா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஈரக்காத்து" என்றார்.

தேனியில் பேருந்து மாறி வீரபாண்டியில் இறங்கினோம். நேரே சின்னமனூர் போயிருக்கலாம். ஆனால் மாமாவுக்கு முல்லையாற்றைக் காட்டாமல் மலைக்குக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. கௌமாரியம்மன் கோயிலை ஒட்டியே ஆறு. சித்திரைத் திருவிழாவில் அக்னிச்சட்டி எடுப்பவர்களும், கோயிலில் நட்ட கம்பத்துக்கு நீர் ஊற்றக் குடத்தோடு நிற்கும் பெண்களுமாய் இந்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று கூட்டமில்லை. தடுப்பணையைத் தாண்டித் தண்ணீர் கண்ணாடித் தகடு போல வழிந்துகொண்டிருந்தது. நாலைந்து பையன்கள் குதித்துக் குளித்தார்கள். ஓர் அம்மா படியில் துணி வெளுத்துக்கொண்டிருந்தார். அவர் அடித்த சோப்பு நுரை பத்தடி போவதற்குள் காணாமல் போயிற்று.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார்.

இது மலையிலிருந்து தானாக இந்தப் பக்கம் வந்த தண்ணீர் இல்லை. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு. பென்னிகுவிக் என்ற ராணுவப் பொறியாளர் தலைமையில் 1887-இல் வேலை தொடங்கி, 1895-இல் அணையைக் கட்டி முடித்தார்கள். தேங்கிய தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார்கள். கட்டும்போது காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்த கூலிக்காரர்கள் எத்தனையோ பேர். அந்தத் தண்ணீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வைகையில் கலந்து மேலூர் வரைக்கும் போய்ப் பாய்வதும் அதுவே. தேனி மாவட்டத்துக்காரர்கள் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைப்பதையும், தை முதல் வாரத்தில் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைப்பதையும் கேட்டு வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். எனக்கு அதில் வியப்பே இல்லை. தண்ணீர் கொண்டுவந்தவனைக் கும்பிடாமல் வேறு யாரைக் கும்பிடுவது?

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும், "கெழக்க திருப்புனவரு, இன்னும் கொஞ்சம் தெக்க திருப்பியிருக்கலாம்" என்றார் மாமா. வருத்தமாகத்தான் சொன்னார். நம் ஊர் மேடு மாமா, தண்ணி ஏறாது என்றேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, கையால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

சின்னமனூர் வரை நெல், வாழை, தென்னை, பந்தல் போட்ட திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சின்னமனூர் பழைய ஊர். இங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகள்தான், மதுரையில் சங்கம் இருந்ததையும் பாரதத்தைத் தமிழாக்கியதையும் அரசர்களின் பெருமையாகப் பேசுகின்றன. பூலாநந்தீசுவரர் கோயில் கோபுரத்தைப் பேருந்து நிலையத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டோம். மலைக்குப் போகும் பேருந்துகள் ஒரு நாளைக்குச் சிலதான், தவறவிட்டால் அன்றைய பொழுது போய்விடும்.

பேருந்துக்குள் பாதி ஆட்கள், பாதி மூட்டைகள். ரேஷன் அரிசி, தக்காளிப் பெட்டி, வெங்காயம், கட்டுக்கட்டாய்க் கறிவேப்பிலை, ஒரு புது கிரைண்டர், இரண்டு கோழிகள். மேலே விளைவது பெரும்பாலும் தேயிலைதான் என்பதால், சோறாகப் பொங்கும் அத்தனையும் இந்தப் பேருந்தில்தான் ஏறிப் போக வேண்டும். தென்பழனி அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் வண்டிகளை விடுவார்கள். இருட்டிய பிறகு சாலை யானைக்கும் காட்டெருமைக்கும் உரியது.

மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் சங்க நூல்கள் சொல்லும் பூ ஒன்றின் பெயரை வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். எந்த அதிகாரிக்கு இந்த எண்ணம் தோன்றியதோ, அவர் நன்றாக இருக்க வேண்டும். சாலைக்குப் பெயர் சூட்டும்போது நம்மில் யாருக்கும் பூ நினைவுக்கு வருவதில்லை. மாமா ஒவ்வொரு பலகையையும் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார்.

"நம்ம ஆவாரம்பூ இருக்கா மாப்ள இதுல?"

"பாத்துக்கிட்டே வாங்க."

பார்க்க முடியவில்லை. பாதி மலை ஏறுவதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. முதலில் பள்ளத்தாக்கு மறைந்தது, பிறகு பக்கத்து மரங்கள், பிறகு பலகைகள். ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடியே திருப்பினார். ஒரு வளைவில் மஞ்சு ஒரு நொடி விலகியபோது கீழே சின்னமனூர்ப் பக்கத்து வயல்கள் வெயிலில் பளபளத்தன. நாங்கள் நின்ற இடத்தில் சன்னல் கம்பியில் நீர் சொட்டியது. ஒரே நேரத்தில் அங்கே உச்சி வெயில், இங்கே மார்கழி. மாமா துண்டைத் தலைக்குச் சுற்றிக்கொண்டார்.

ஏற்றம் முடிந்ததும் தேயிலை. மலை முழுக்க ஒரே உயரத்தில் கத்தரித்துவிட்ட பச்சை. மேடும் பள்ளமுமாக அது மடிந்து மடிந்து போவதைப் பார்த்தால், ஆங்கிலேயர் ஏன் இதற்கு அலைமலை என்று பொருள்படும்படி ஹைவேவி என்று பெயர் வைத்தார்கள் என்பது புரியும். மடிப்புகளின் நடுவே தண்ணீர். ஒன்றல்ல, அடுத்தடுத்து: ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு. பார்க்க ஏரி போல இருந்தாலும் எல்லாமே அணைகள். இங்கே தேங்கும் நீர்தான் இரவங்கலாற்றிலிருந்து குழாய் வழியே மலையடிவாரத்துக்கு விழுந்து, 1978-இல் தொடங்கிய சுருளியாறு மின் நிலையத்தில் 35 மெகாவாட் மின்சாரமாகிறது. அதற்குப் பிறகு கீழே ஆற்றோடு கலக்கிறது. இதே மலையிலுள்ள தூவானம் ஏரி நிறைந்து வழிந்தால் சுருளி அருவியில் தண்ணீர் கொட்டும். கம்பத்துக்காரர்கள் அருவியில் குளிக்கப் போகுமுன் தூவானத்தில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரிப்பது அதனால்தான்.

ஹைவேவிஸ் ஒரு பேரூராட்சி. பேரையூரும் பேரூராட்சிதான். இரண்டுக்கும் பெயர்ப்பலகையில் இருக்கும் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு ஒற்றுமை தேடினால் கிடைக்காது. ஒரு சின்னக் கடைத்தெரு. நாலு டீக்கடை, ஒரு மளிகைக் கடை, காவல் நிலையம், பள்ளிக்கூடம், கொஞ்சம் தள்ளி வரிசையாகத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். தகரக் கூரையில் சிவப்பும் பச்சையும் வண்ணம். கூரைக்கு மேலே விறகுப் புகை எழும்ப முடியாமல் மஞ்சோடு சேர்ந்து படுத்துக் கிடந்தது. ஊரின் எந்த மூலையில் நின்றாலும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஓடையா, வாய்க்காலா, கூரைத் தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். மாமா நடந்துகொண்டே இருந்தவர் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு நடந்தார். மறுபடி நின்றார்.

பேரூராட்சி விடுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, தேயிலைக்குள் இறங்கும் பாதையில் நடந்தோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், இடுப்பில் தார்ப்பாய்த் துணியும் காலில் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தார். வலது கையும் இடது கையும் தனித்தனியாக வேலை செய்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நுனியை மடக்கும், நகம் படாமல் ஒடிக்கும். இரண்டு இலை, ஒரு மொட்டு. உள்ளங்கை நிறைந்ததும் கை தானாக முதுகுப் பக்கம் போய்ப் பைக்குள் கொட்டிவிட்டு வரும். கண் அடுத்த செடியில் இருக்கும். விரல் நுனிகள் கருப்பாகக் கறை ஏறிப் பிளந்திருந்தன. மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். பருத்தி எடுத்து எடுத்து அவர் விரல்களும் அப்படித்தான் இருக்கும்.

"ஏந்தாயி, இது வச்சு எத்தன வருசம் ஆச்சு?"

"செடியாங்கய்யா? எங்க அம்மா இதே செடியிலதான் எடுத்தாங்க."

கவ்வாத்து வெட்டாமல் விட்டால் இந்தச் செடி ஆள் உயரம் தாண்டி மரமாகிவிடும் என்றும், நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டையாக வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்கும் என்றும் அவர் சொன்னார். வருடா வருடம் உழுது, விதைத்து, மழைக்குக் காத்திருக்கிற மாமாவுக்கு அது நம்ப முடியாத விவசாயம். ஒரு செடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன்னுடைய கேள்விக்கு வந்தார்.

"இங்கன ஒரு மழைக்கு எத்தன உழவு பேயும்?"

அந்த அம்மாவுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "இங்க மழைய யாருங்கய்யா எண்ணுறா. வெயிலடிக்கிற நாளத்தான் எண்ணுவோம். துணி காயணும்ல."

மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் காலில் அட்டை ஏறியிருந்ததை அந்த அம்மாதான் பார்த்தார். பிய்த்து இழுத்துவிடாதீர்கள், புண் ஆறாது என்று சொல்லி, தன் முந்தியில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்து வைத்தார். அட்டை சுருண்டு விழுந்தது. ரத்தம் மட்டும் நிற்காமல் மெல்லிய கோடாக இறங்கியது. "நல்ல ரத்தம் குடுத்துட்டுப் போறீங்க எங்க மலைக்கு" என்றார் அவர்.

அவருடைய பூர்வீகம் கம்பம் பக்கம் என்று அப்பா சொல்லக் கேள்வியாம். பிறந்தது, கட்டிக்கொடுத்தது, பிள்ளை பெற்றது எல்லாம் இங்கேதான். பிள்ளைகள் திருப்பூரில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை விட வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் பொதுவாக அதுதான் வழக்கம். கீழே எந்த ஊரிலும் ஒரு சென்ட் இடம் கிடையாது. "எறங்குனா எங்க எறங்குறதுன்னுதான் தெரியல" என்றார். மூன்று தலைமுறையாக ஒரு மலையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த மலையில் ஒரு பிடி மண் சொந்தமில்லை என்பது, அழகான இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிற நாம் ஒருமுறையாவது நினைக்க வேண்டிய விஷயம். மூன்று ஏக்கர் கரிசலும் அதன் பட்டாவும் வைத்திருக்கிற மாமா அன்று முதல்முறையாகத் தன்னை வசதிக்காரராக உணர்ந்திருக்கக்கூடும்.

தேயிலை முடியும் இடத்தில் சோலைக்காடு தொடங்குகிறது. கருகும்மென்று, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அடர்த்தி. எங்கள் பேச்சில் காடு என்றால் விளைநிலம். காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றால் களை எடுக்கப் போகிறேன் என்று பொருள். இங்கே காடு என்றால் போகக் கூடாத இடம். சோலைமந்தியும் இருவாச்சியும் காட்டெருமையும் அதற்குள் இருக்கின்றன.

அதிகம் பேசப்படாத ஒரு பிராணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் இந்த மலையில் இருந்தவர், இயற்கையின் மேல் தீராத ஆர்வம் கொண்டவர். 1948-இல் இங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கிடைக்கச் செய்தார். சாதாரண வௌவால் என்று பெயரெழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். இருபத்து நான்கு வருடம் கழித்து, 1972-இல், தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தோங்லோங்யா என்ற ஆய்வாளர் அதை எடுத்துப் பார்த்து, இது உலகத்தில் இதுவரை யாரும் பெயரிடாத இனம் என்று கண்டுகொண்டார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். ஒரே ஒரு பாடம் செய்த உடல், ஒரே ஒரு மலை. தொண்ணூறுகளில்தான் மறுபடி அதை உயிரோடு பார்த்தார்கள். மஞ்சு மூடிக்கிடக்கும் அந்தச் சோலையின் முன் நின்று மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "நம்மகிட்டயே இருந்த பிராணிய, தாய்லாந்துக்காரர் வந்துதான் சொல்லணுமா?"

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டில் ஐந்தாவது. 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த எங்கள் பக்கத்து மலையையும், இந்த மேகமலையையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அப்படிப் பார்த்தால் மாமா தினமும் பார்க்கும் சதுரகிரியும் நாங்கள் நின்ற இந்தச் சோலையும் இப்போது ஒரே வேலிக்குள் வந்துவிட்டன. வைகை பிறக்கும் வெள்ளிமலையும் இந்த எல்லைக்குள்தான். காடு நின்றால்தான் வைகை நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாமாவுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. மலையடிவாரத்துக்காரர்கள் கோடையில் மாடுகளை மேலே ஓட்டிப் போய்க் கிடை போட்ட காலம் உண்டு. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகத்துக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் மேய்ச்சலைத் தடை செய்தது. "புலிக்கு எடம் விடுறது நியாயந்தான். மாட்டுக்கும் ஒரு எடம் சொல்லிட்டு விட்டிருக்கலாம்" என்றார். இரண்டு வாக்கியத்தையும் ஒரே குரலில் சொன்னார். எதையும் விட்டுக்கொடுக்காத அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் எல்லோரும் யானைக் கதைதான் சொன்னார்கள். 2023 மே மாதம், கேரளத்தில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், எல்லை தாண்டி இந்த மேகமலைக்கு வந்துவிட்டது. அரிசியைத் தேடி வீடுகளைத் தட்டும் யானை. சுற்றுலாக்காரர்களை மேலே விடவில்லை. லயத்து வீடுகளில் அரிசிச் சட்டியை இரவில் எங்கே மறைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். பிறகு அது கம்பம் நகருக்குள்ளேயே இறங்கி, ஜூன் முதல் வாரத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டு, களக்காடு–முண்டந்துறைக்குப் போனது. "பாவம்யா அது. ஊர மாத்தி ஊர மாத்தி விட்டாங்க. அதுக்கு வழி தெரியல" என்றார் டீ போட்டவர். அந்த மலையில் யாரும் அதைத் திட்டி நான் கேட்கவில்லை.

இருட்டியதும் ஊர் அடங்கிவிட்டது. மாமாவின் போனில் சிக்னல் இல்லை. அத்தைக்குத் தகவல் சொல்ல முடியவில்லையே என்று இரண்டு தடவை வெளியே போய்க் கையை உயர்த்திப் பார்த்துவிட்டு வந்தார். எட்டு மணிக்குப் பிடித்த மழை. இடி இல்லை, மின்னல் இல்லை, காற்றுகூட இல்லை. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. எங்கள் ஊர் மழைக்குக் கோபம் உண்டு, பத்து நிமிடம் ஆடிவிட்டு ஓடிவிடும். இது வீட்டுக்காரி வேலை செய்வது போல, நிதானமாக, விடாமல், யாரும் பார்க்கிறார்களா என்ற நினைப்பில்லாமல் பெய்தது.

நடுநிசிக்கு மேல் விழித்தபோது மாமா படுக்கையில் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கூரை விளிம்பிலிருந்து விழும் தண்ணீருக்குக் கீழே கையை நீட்டியிருந்தார்.

"தூங்கலையா மாமா?"

"எப்பிடித் தூங்குறது. இத்தன மழ பேயுது."

எனக்குப் புரிந்தது. கரிசல்காரனுக்கு மழை பெய்யும் இரவில் படுக்க முடியாது. எழுந்து வரப்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஓடையை மறிக்க வேண்டும், ஒரு சொட்டும் வீணாகாமல் காட்டுக்குள் திருப்ப வேண்டும். இங்கே திருப்ப ஒன்றுமில்லை. அது தன் பாட்டில் ஓடைக்குப் போகும், ஓடை அணைக்குப் போகும், அணை குழாய்க்குப் போகும். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடியும் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. மணலாற்று அணைக்கரையில் நின்றோம். தண்ணீர் மேல் மஞ்சு ஒரு முழ உயரத்துக்கு மிதந்து, வெயில் பட்ட இடத்தில் மட்டும் கிழிந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் காட்டெருமை மூன்று, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்களோடு, தண்ணீர் குடிக்க இறங்கின. குடித்தன. எங்களைப் பார்த்தன. திரும்பிப் போயின. கிழக்கே மலை வரிசை வரிசையாகப் போய் மேகத்துக்குள் முடிந்தது. "அதுக்கு அந்தப் பக்கந்தான் நம்ம ஊரு" என்று கை காட்டினேன். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்த் திசையைப் பார்த்து அங்கிருந்தே கும்பிட்டார்.

மளிகைக் கடையில் அரைக் கிலோ தேயிலைத் தூள் வாங்கிக்கொண்டார். பேருந்து வந்தது. இறங்கும்போது மஞ்சு இல்லை. வழி முழுக்கப் பலகைகள் தெரிந்தன. மாமா எதையும் படிக்கவில்லை. பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் வடிந்து சாலையின் குறுக்கே ஓடியதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தென்பழனி சாவடியைத் தாண்டியதும் போனில் சிக்னல் வந்தது. உடனே வீட்டுக்கு அடித்தார். பேருந்துச் சத்தத்தில் அவரும் கத்தினார், அந்தப் பக்கம் அத்தையும் கத்தினார்.

"ராத்திரி அங்க மழையா?"

"பேஞ்சுச்சு, பேஞ்சுச்சு."

"எத்தன உழவு?"

"என்னது?"

"எத்தன உழவுன்னு கேக்குறேன்!"

"உழவா? தூத்தல்தான். புழுதி அடங்குச்சு, அம்புட்டுத்தான்."

சரி என்று சொல்லிப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாலையோர வாய்க்காலில் செந்நிறத் தண்ணீர் பேருந்துக்கு இணையாகச் சின்னமனூரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மாமா இருக்கையில் உடம்பைத் திருப்பி, பின்கண்ணாடி வழியே மலையைப் பார்த்தார். அங்கே மறுபடி மேகம் இறங்கிப் பெய்ய ஆரம்பித்திருந்தது.